அடி எடுத்துக் கொடுக்காதவர்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் குடியாத்தத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். நள்ளிரவு வரை உயிரியலைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான்; காலையில் கேட்டால் விழிக்கிறான். வல்லாரை லேகியம் கொடுத்துப் பார்த்தேன். நல்ல மதிப்பெண் எடுத்தால் பைக் வாங்கித் தருவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார். ஞாபகசக்தியைக் கூட்ட வழி உண்டா?

கு.

அன்புள்ள கு.,

லேகியத்தை விட்டுவிடுவோம். ‘திரும்பத் திரும்ப வாசிக்கிறான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, சில வாரங்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

ஆரணிப் பக்கத்தில் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. கூத்து வாத்தியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்து இரவுக்கான பாட்டும் வசனமும் அவருக்குப் பாடம். பின்பாட்டுக்கு நின்ற பையன்களில் நானும் ஒருவன். அப்போது எனக்குப் பத்து வயது. முதல் நாள் ஒரு விருத்தத்தை மூன்று முறை பாடிக் காட்டுவார். மறுநாள் மாலை முதல் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். நான் வாய் திறந்தபடி நிற்பேன். அவர் விரலிடுக்கில் தாளம் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும். அடி எடுத்துக் கொடுக்கவே மாட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டும். எங்கிருந்தோ சொல் வந்து சேரும். வராமலே போனால் மட்டும், நெடுநேரம் கழித்து, ஒரே ஒரு முறை பாடிக் காட்டுவார். அப்படி வந்த வரிகள் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் என்னிடம் இருக்கின்றன. அதே வயதில், ஒவ்வொரு பாடத்தையும் ஐந்து முறை வாசிக்கச் சொல்லிப் பிரம்போடு நின்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் வகுப்பிலிருந்து ஒரு வரியும் என்னிடம் மிஞ்சவில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களில் காட்டியது. ஒரு பத்தியை மாணவர்களில் ஒரு சாரார் மீண்டும் வாசித்தார்கள். மறுசாரார் அதை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு நினைவில் இருந்தது 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களிடம் 42 விழுக்காடுதான் இருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 56 இருந்தது. வாசிக்க வாசிக்கப் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தையே படிப்பு என்று உங்கள் மகன் நம்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஞாபகசக்தி இல்லை என்று தயவுசெய்து அவன் காதுபடச் சொல்லாதீர்கள். ஒரு தாய் சொல்லக்கூடிய வார்த்தையா அது? உள்ளே போனதை ஒரு நாளாவது வெளியே எடுக்க அவனுக்கு யாரும் வாய்ப்பே தரவில்லை.

பைக் விஷயத்தில் உங்கள் கணவர் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பரிசைக் கொடுத்துப் பார்த்தார்கள், 1973-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியலாளர் லெப்பரும் அவருடைய சகாக்களும். பின்னர் அக்குழந்தைகள் தாமாக வரைவது குறைந்துபோனது; எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அப்படிக் குறையவில்லை. உங்கள் மகனுக்கு உயிரியலில் கொஞ்சமேனும் ஆசை இருக்குமானால், அதற்கு ஏன் விலை வைக்க வேண்டும்? எங்களுக்கு வாத்தியார் காலணா கொடுத்ததில்லை. கூத்துக் குழலான முகவீணை ஒலிக்கையில் திரைக்குப் பின்னால் நிற்கக் கிடைத்ததே என்று நாங்கள் ஓடினோம்.

இன்று இரவு அவன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடி வையுங்கள். டி.என்.ஏ. எப்படி இரட்டிப்பாகிறது என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் கேள்வி கேளுங்கள். சொல்லி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் பிழையையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும். மூன்றாம் நாள் அதையே மறுபடியும் கேளுங்கள். நடுவில் அவன் திணறுவான், உங்களுக்கு மனம் பதறும். அப்போதும் அடி எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.