ஈவுத்தொகை வரியை நிறுவனம் கட்டினால் என்ன, பங்குதாரர் கட்டினால் என்ன?

"யார் கட்டினாலும் போவது அதே பணம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சம்பளக்காரர், 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நானும் அதே அடுக்குதான். ஆனால் எனக்கு இதைப் புரிய வைத்தவர், அப்பா விட்டுச்சென்ற பங்குகளைத் தவிர வேறு வருமானம் இல்லாத என் அம்மா.

2020 மார்ச் வரை, பங்குதாரர்களுக்கு லாபத்திலிருந்து 100 ரூபாய் ஈவுத்தொகை தருகிற நிறுவனம் அதற்கு மேல் ஏறத்தாழ 20 ரூபாய் 56 காசு வரி கட்டியது. வரி கட்டவே தேவையில்லாத அம்மாவும் கோடீஸ்வரப் புரமோட்டரும் (நிறுவனத்தைத் தொடங்கி, பெரும்பங்கைக் கையில் வைத்திருப்பவர்) அந்தச் சுமையை ஒரே விகிதத்தில் சுமந்தார்கள்; கைக்கு வந்ததற்கு வரியில்லை என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகை பங்குதாரரின் வருமானத்தோடு சேர்ந்தது; வரியை அவரே தன் அடுக்குப்படி கட்ட வேண்டும். அம்மாவுக்கு வரியே இல்லை. எனக்கோ செஸ் என்னும் மேல்வரியும் சேர்த்து 31.2 சதவீதம். அதனால் அதிக ஈவுத்தொகை தரும் பங்குகளில் பாதியை விற்று, லாபத்தைத் தொழிலிலேயே போடும் நிறுவனங்களுக்கு மாறினேன். எனக்கே இப்படி என்றால், கூடுதல் வரியோடு 35 சதவீதத்தைத் தாண்டும் புரமோட்டர் சும்மா இருப்பாரா? பட்டியலிடப்பட்ட நிறுவனம் தன் பங்கைத் தானே திரும்ப வாங்கினால் (இதுதான் பைபேக்) அந்தக் காலத்தில் நிறுவனமே சுமார் 23 சதவீத வரியைக் கட்டிவிடும், பங்குதாரருக்கு வரி கிடையாது. கையில் ரொக்கம் குவிந்த நிறுவனங்கள் பைபேக்கை விரும்பியதற்கு இந்த வித்தியாசமும் காரணம் என்பதே என் கருத்து. 2024 அக்டோபர் 1 முதல் 2026 மார்ச் வரை பைபேக் தொகை முழுவதையும் ஈவுத்தொகையாகவே கருதி, அந்த வாசலையும் அடைத்தார்கள். (பைபேக்குக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை அறிவேன், ஆடிட்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

அம்மாவுக்கு எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஈவுத்தொகை அன்றைய வரம்பான 5,000 ரூபாயைத் தாண்டிய வருடம், வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் தரும் 15எச் படிவத்தை நான் அனுப்பத் தவறியதால் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடித்துவிட்டார்கள். அந்தச் சில நூறு ரூபாயைத் திரும்பப் பெற, வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத எழுபது வயதுப் பெண்மணி பெயரில் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. நான்கு நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் தனித்தனியே நான்கு படிவங்கள். பான் எண் ஒன்றுதான் என்றிருக்க, ஒரே படிவம் ஏன் போதாது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.