கணக்கேட்டின் வழியே – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் மென்பொருள் துறையில் நிரலாளராக இருக்கிறேன். பகல் முழுவதும் தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டியதுபோக மிஞ்சும் நேரத்தில் கைக்குக் கிடைப்பதையெல்லாம் படிப்பேன். பழைய கணினிகள், உணவின் வரலாறு, அரசியல் வரலாறு ஆகிய மூன்றும் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கின்றன. உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர், ‘பத்து இடத்தில் பத்தடி தோண்டினால் எங்கும் தண்ணீர் வராது, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடு’ என்கிறார். அவர் சொல்வது சரிதானா? விட வேண்டுமென்றால் எதை விடுவது?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூத்தவர் ஆழம் போதவில்லை என்று கவலைப்படுகிறார். அதற்கு அவர் தரும் மருந்தோ எண்ணிக்கையைக் குறைப்பது. ஒரே துறையில் பணி ஓய்வு வரை மேலோட்டமாகவே இருந்துவிட்டுப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே, எத்தனை துறைகளைப் படிக்கிறீர்கள் என்பதைக் காட்டிலும், ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைக்கிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். பெரும்பாலானவர்கள் கதை முடிந்து கணக்கு தொடங்கும் இடத்தில் மூடிவிடுகிறார்கள். எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு, யார் பெயரில் பற்று என்று பக்கங்கள் வறண்டுபோகும் அந்த இடத்தில்தான் நீங்கள் சொல்லும் மூன்றும் சந்திக்கின்றன என்பது என் எண்ணம்.

உங்கள் தொழிலின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். வணிக அலுவலகப் பணியை அன்றாடம் செய்த முதல் கணினி எது என்று கேட்டால், ஏதேனும் ஒரு வங்கியையோ ஆயுதத் தொழிற்சாலையையோதான் பலரும் ஊகிப்பார்கள். அதைக் கட்டியது ஜே. லயன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். நாடெங்கும் தேநீர்க் கடைகளை நடத்தி, ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்றுக்கொண்டிருந்த நிறுவனம். அதன் அலுவலர்கள் இருவர் 1947இல் புதிய அலுவலக முறைகளைப் பார்த்துவர அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் சந்தித்த கணினி முன்னோடி ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜில் இப்படியொரு இயந்திரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களே என்று வழிகாட்டினார். லயன்ஸ் நிறுவனம் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண்டு கொடுத்து உதவியது. அங்கே மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் கட்டிய எட்சாக் என்ற கணினி 1949 மே மாதத்தில் ஓடத் தொடங்கியதும், அதை முன்மாதிரியாகக் கொண்டு தனக்கென லியோ என்ற இயந்திரத்தைக் கட்டியது.

ஒரு தேநீர்க் கடை நிறுவனத்துக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு கேக் துண்டிலும் கிடைக்கும் லாபம் மிக அற்பமானது; ஆனால் அத்தகைய விற்பனைகள் கணக்கில் அடங்காதவை. ஒவ்வொன்றையும் ஏட்டில் ஏற்றிச் சரிபார்க்க எழுத்தர்களுக்கு ஆகும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். எனவே அந்த நிறுவனம் கணித மேதைகளை எழுத்தர் வேலையைப் பற்றிச் சிந்திக்க அமர்த்தியிருந்தது. கணினித் திட்டத்துக்குத் தலைமைதாங்கிய ஜான் சிம்மன்ஸ் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துச் சிறந்து தேறியவர். 1951 நவம்பரில் லியோ செய்த முதல் அன்றாடப் பணி, பேக்கரிகளின் உற்பத்திக்கு மதிப்புப் போடுவது.

1954இல் அதனிடம் ஒப்படைக்கப்பட்ட இன்னொரு பணியை நீங்கள் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தேநீர்க் கடைக்கும் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான கொள்முதல் பட்டியல் இயந்திரத்துக்கென முன்கூட்டியே பதியப்பட்டிருந்தது. கடையின் மேலாளரான பெண்மணியைத் தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பார்கள்; நாளைக்கு எது கூடுதலாக வேண்டும், எது குறைவாகப் போதும் என்பதை மட்டும் அவர் சொல்வார்; மறுமுனையில் இருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டே, கணினி படிக்கும் அட்டையில் துளையிடுவார். மாற்றத்தை மட்டும் உள்ளே அனுப்பு, முழுப் பட்டியலையும் அனுப்பாதே என்ற, இன்று நீங்கள் நாள்தோறும் கையாளும் உத்தி, மறுநாள் காலையில் பன் ரொட்டி மீந்துபோகாமல் இருப்பதற்காக வகுக்கப்பட்ட ஒன்று. இப்படி ஒரு நடைமுறையைப் புத்தகத்தில் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இதில் அரசியல் எங்கே என்று கேட்பீர்கள். லியோ பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1951 அக்டோபர் 25 அன்று, பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடந்தது. தொழிற்கட்சி தோற்று சர்ச்சில் மீண்டும் பிரதமரானார். போர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழிந்தும் தேநீர், சர்க்கரை, கொழுப்பு, இறைச்சி எல்லாம் பங்கீட்டில்தான் கிடைத்தன என்ற எரிச்சல் அந்தத் தேர்தலில் பெரிதாகப் பேசப்பட்டது. தேநீர்ப் பங்கீடு 1952 அக்டோபரிலும், சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரிலும், இறைச்சிப் பங்கீடு 1954 ஜூலையிலும்தான் முடிந்தன. அதாவது லியோ மதிப்புப் போட்ட அந்தக் கேக்குகள் பங்கீட்டுச் சர்க்கரையின் காலத்தவை. கணினி வரலாறு எழுதுபவர்கள் அந்தக் காலக் கணினிகளின் பாதரசக் குழாய் நினைவகத்தோடு நின்றுவிடுகிறார்கள். அரசியல் வரலாறு எழுதுபவர்கள் தேர்தல் முடிவோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றையும் படிக்கிற ஒருவருக்குத்தான் அவை ஒரே இலையுதிர்காலத்தில் நடந்தவை என்பது உறைக்கும்.

இன்னும் பின்னால் போனால் இந்தச் சந்திப்பு மேலும் நெருக்கமாகிறது. தென் மெசொப்பொத்தேமியாவின் உரூக் நகரில் கி.மு. 3200 வாக்கில் எழுதப்பட்ட களிமண் பலகைகளில் பெரும்பாலானவை வாற்கோதுமை, பீர், ஆடுகள், வேலையாட்களுக்கு அளந்த படி ஆகியவற்றின் கணக்குகளே. எழுத்தும் சமையற்கூடமும் அதிகாரமும் ஒரே பலகையில் இருக்கின்றன. இவற்றில் உங்களுக்கென்றே ஒரு நுணுக்கம் உண்டு. பலகையில் குத்தப்பட்ட சிறு வட்டக் குழி, ஆடுகளை எண்ணும்போது பத்தைக் குறிக்கும். வாற்கோதுமையை அளக்கும்போது அதே குழி அடிப்படை அளவைப்போல் ஆறு மடங்கைக் குறிக்கும். குறி ஒன்று, மதிப்பு வேறு. எண்ணப்படும் பொருள் எது என்று தெரிந்தால்தான் எண்ணைப் படிக்க முடியும். தரவு வகை பிசகி ஓர் இரவு முழுவதையும் தொலைத்த எந்த நிரலாளருக்கும் இது உடனே விளங்கும். 1980களில் பெர்லினில் பீட்டர் தாமெரோவ், ராபர்ட் இங்லண்ட் முதலிய ஆய்வாளர்கள் கணினியின் துணையோடுதான் இந்த எண் முறைகளைப் பிரித்தறிந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னபின் ஒரு எச்சரிக்கையும் தேவை. நிரலாளர்கள் அரசியல் வரலாற்றைப் படிக்கும்போது, சமூகத்தைப் பிழை திருத்த வேண்டிய ஒரு நிரலாக எண்ணிக்கொள்ளும் ஆசை வந்துவிடுகிறது. உங்கள் மூத்தவர் இதைச் சுட்டியிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன். சிலி நாட்டில் சால்வடோர் அயெந்தேயின் அரசு 1971இல் ஸ்டாஃபோர்ட் பீர் என்ற பிரிட்டிஷ் மேலாண்மை அறிஞரை அழைத்து, அரசுடைமையான ஆலைகளின் உற்பத்தியைக் கணினி வழியே கண்காணிக்கும் சைபர்சின் திட்டத்தைத் தொடங்கியது. ஏழு நாற்காலிகள் போட்ட அதன் கட்டுப்பாட்டு அறையின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அந்தப் படத்தோடுதான் நிற்கிறார்கள். அந்த அறை முன்மாதிரி என்ற நிலையைத் தாண்டவே இல்லை. உண்மையில் பயன்பட்டது, தட்டச்சு செய்த செய்தியைக் கம்பி வழியே தொலைவுக்கு அனுப்பும் டெலெக்ஸ் வலையமைப்பு, அன்றைக்கே பழைய தொழில்நுட்பம். 1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, நெடுக நீண்டு கிடக்கும் அந்த நாட்டில் உணவும் எரிபொருளும் முடங்கின. எந்தச் சாலை திறந்திருக்கிறது, ஓடத் தயாராக உள்ள லாரி எங்கே நிற்கிறது, எங்கே எது தீர்ந்துபோகிறது என்பதையெல்லாம் அரசு டெலெக்ஸ் வழியே கேட்டறிந்து, இருக்கிற வண்டிகளை வைத்துச் சமாளித்தது.

தட்டுப்பாடு எங்கே என்பதை அந்த வலையமைப்பு காட்டியது. அரசு தானே ஒரு போக்குவரத்து நிறுவனத்தை நடத்தப்போகிறது என்ற செய்தியில் தன் வண்டி பறிபோகும் என்று ஒரு லாரி உரிமையாளர் அஞ்சியதை அது காட்டியிருக்க முடியாது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது திட்டமும் முடிந்தது. சைபர்சினைத் தொழில்நுட்பமாக மட்டும் படிப்பவர் அந்த நாற்காலிகளை வியப்பார்; அரசியலாக மட்டும் படிப்பவருக்கு அது ஓர் அடிக்குறிப்பு. அந்த அக்டோபர் மாதத்தில் தலைநகர் சாந்தியாகோவில் ரொட்டி எப்படி வந்துசேர்ந்தது என்று கேட்பவருக்கு இரண்டும் வேண்டும்.

எதை விடுவது என்று கேட்டிருந்தீர்கள். துறை எதையும் விட வேண்டாம். ‘உங்களுக்குத் தெரியுமா’ வகைத் துணுக்குகளை விட்டுவிடுங்கள். அவை மூன்று துறைகளிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன, அவற்றைப் படிப்பதுதான் நீங்கள் அஞ்சுகிற சிதறல். ஆழத்தை அளக்க நான் கையாளும் சோதனை எளியது: உணவைப் பற்றிப் படித்த ஒன்று, அரசியலைப் பற்றி நான் கொண்டிருந்த ஒரு கருத்தை மாற்றியதா? மாற்றவில்லை என்றால் இரண்டில் ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை என்று பொருள். தொடங்குவதற்கு 1951ஆம் ஆண்டின் அந்த இலையுதிர்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்கீட்டு முறையை நடத்திய அரசு அலுவலகங்கள் தங்கள் பதிவேடுகளை எப்படிப் பராமரித்தன, அதே நாட்டில் ஒரு தேநீர்க் கடை நிறுவனத்துக்குத் தோன்றிய வழி அவற்றுக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று தேடிப் பாருங்கள். கிடைப்பதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்