குழந்தையின் தலை ஒரு பக்கம் சப்பையாகிறதா? கழுத்தையும் கவனியுங்கள்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. பிறந்தபோது தலை நல்ல உருண்டையாகத்தான் இருந்தது. இப்போது பின்தலையில் வலது பக்கம் சப்பையாகத் தெரிகிறது. தூங்கும்போது எப்போதும் வலது பக்கமே திரும்பிக்கொள்கிறான். அம்மா கடுகுத் தலையணை தைத்து வைத்திருக்கிறார். குளிப்பாட்டும்போது தலையைப் பிடித்து உருட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். எதைச் செய்வது? மூளை வளர்ச்சிக்கு ஏதும் ஆபத்து உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படுக்கும் விதத்தால் வருகிற சப்பை மூளையை அழுத்தாது, அதன் வளர்ச்சியையும் தடுக்காது. இந்த வயதில் கவனித்தால் பெரும்பாலும் நன்றாகவே சரியாகிவிடும்.

பச்சிளம் குழந்தையின் மண்டை தனித்தனி எலும்புத் தகடுகளால் ஆனது. பிரசவத்தின்போது அவை நெருங்கி வழிவிட வேண்டும், பிறகு மூளை வளர இடம் கொடுக்க வேண்டும் என்பதால் இன்னும் ஒட்டாமல் இருக்கின்றன. பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு மூன்று மாதத்தில் 40 செ.மீ.யைத் தொட்டுவிடும். இந்த வேகத்தில் வளரும் தலை, தரையில் அழுந்தும் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற பக்கங்களில் பெருக்கிறது. ஓரிடம் கொஞ்சம் சப்பையாகிவிட்டால், தலை தானாகவே உருண்டு அங்கேயே போய் நிற்கும். அதனால் சப்பை இன்னும் கூடும். கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுள்ள 440 குழந்தைகளைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 46.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருந்தது. ஆக, உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமில்லை.

அப்படியானால் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கலாமா? கூடவே கூடாது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 1992-ல் குப்புறத் தூங்க வைக்க வேண்டாம் என்றது. மல்லாக்கப் படுக்க வைக்கும் பழக்கம் அங்கே பரவிய பிறகு அந்த இறப்புகள் பாதிக்கும் கீழே குறைந்தன. சப்பைத் தலைகள் கூடின என்பதும் உண்மை. எது பெரிது என்பதில் எந்த மருத்துவருக்கும் சந்தேகமில்லை. தூக்கம் மல்லாக்கத்தான், திருத்தம் எல்லாம் விழித்திருக்கும் நேரத்தில்.

கடுகுத் தலையணையை எடுத்து வைத்துவிடுங்கள். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் இந்த வயதில் முகம் எதிலாவது புதைந்தால் தலையைத் தூக்கி விலக்கிக்கொள்ளும் பலம் குழந்தைக்கு இல்லை. தையல் பிரிந்து கடுகு வாய்க்குள் போகும் அபாயமும் உண்டு. கடைகளில் நடுவில் குழி வைத்து விற்கும் ‘தலை வடிவத் தலையணை’யும் இதே கதைதான். அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் எச்சரித்தது. சுருட்டிய துணியை முட்டுக்கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் வேண்டாம். தலையைப் பிடித்து உருட்டுவதால் வடிவம் மாறாது. உச்சிக்குழியின் பக்கம் அழுத்தத்தோடு கை போகவே கூடாது.

அதே மாமியாரிடம் வேறொரு நல்ல பழக்கம் இருக்கும். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு முதுகு தேய்ப்பார் அல்லவா? அது அருமையான கழுத்துப் பயிற்சி. அதைக் குளியலோடு நிறுத்தாமல் நாள் முழுக்கப் பரப்புங்கள். விழித்திருக்கும்போது, பால் குடித்துச் சற்று நேரம் கழித்து, பாயில் குப்புறப் போட்டு எதிரே நீங்களும் படுத்துப் பேசுங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடத்தில் அழுவான். தூக்கிவிட்டு, அப்புறம் மறுபடி. பாய் பிடிக்கவில்லையென்றால் சாய்ந்து உட்கார்ந்து உங்கள் மார்பிலேயே போட்டுக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 30 நிமிடமாவது வர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்தில் ஆள் இல்லாமல் குப்புறப் போடாதீர்கள். கண் சொக்கினால் மல்லாக்கப் போட்டுவிடுங்கள்.

இனி, ஏன் வலது பக்கமே திரும்புகிறான் என்பது. நீங்கள் படுக்கும் இடத்தைப் பாருங்கள். இடது பக்கம் சுவர், வலது பக்கம் நீங்கள் என்றால் அவன் வேறெங்கே திரும்புவான்? பாலும் குரலும் வெளிச்சமும் வருகிற பக்கம்தானே. தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று வீட்டில் பேச்சு வரும் என்றால் சண்டை வேண்டாம், நீங்கள் இடது பக்கம் வந்துவிடுங்கள். புட்டிப்பால் கொடுப்பவர்கள் எப்போதும் ஒரே கையில் ஏந்தாமல் கை மாற்ற வேண்டும். தூங்கிய பிறகு தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பி வைக்கலாம். திரும்பப் போய்விட்டால் விட்டுவிடுங்கள், இரவெல்லாம் காவல் காக்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் இடது பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறானா? இங்கேதான் கழுத்தைப் பார்க்க வேண்டும். மல்லாக்கப் போட்டு, கிலுகிலுப்பையை அவன் கண்ணுக்கு நேரே பிடித்து வலமிருந்து இடமாக மெல்ல நகர்த்துங்கள். தாடை வலது தோள் வரை போவதுபோல இடது தோள் பக்கமும் போக வேண்டும். பாதியிலேயே நின்றாலோ, தலை எப்போதும் இடது தோளை நோக்கிச் சாய்ந்து முகம் வலது பக்கம் பார்த்தாலோ, கழுத்தின் இடது பக்கத் தசை இறுகியிருக்கலாம். பிறவியிலேயே வரக்கூடியது இது. நீங்களாக இழுத்துத் திருப்பாமல் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து கவனிக்கும் மாவட்ட மையம்) மையங்களில் விசாரிக்கலாம். எப்படிப் பிடிப்பது, எவ்வளவு திருப்புவது என்று கற்றுக்கொடுப்பார்கள். கழுத்து இறுகியிருக்கும்வரை தலையை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் பயன் குறைவு.

தூளியைப் பற்றியும் கேட்பீர்கள். அழுகையை அமர்த்த, பக்கத்தில் ஆள் இருக்கக் கொஞ்ச நேரம் ஆட்டினால் போதும். தாடை நெஞ்சில் குத்தி மூச்சு தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவுத் தூக்கத்துக்குச் சமமான, கெட்டியான படுக்கைதான்.

தலை வடிவத்தைத் திருத்தக் குழந்தைகளுக்கென்றே செய்யும் ஹெல்மெட் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டரை மாதத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். நெதர்லாந்தில் 84 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2014-ல் வெளியான ஆய்வில், இரண்டு வயதில் ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. மிகக் கடுமையான கோணலுக்குச் சில மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. பொதுவாகச் செலவும் எரிச்சலும்தான் மிச்சம்.

சப்பை எல்லாமே படுக்கையால் வருவதும் இல்லை. அரிதாக, தகடுகளுக்கு இடையே உள்ள பொருத்து முன்கூட்டியே ஒட்டிவிடும். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். குழந்தையின் உச்சியை மேலிருந்து பாருங்கள். படுத்ததால் வந்த சப்பையில் அந்தப் பக்கக் காது சற்று முன்னால் தள்ளியிருக்கும், நெற்றியும் அதே பக்கம் லேசாகப் புடைக்கும். காது பின்னால் இழுத்ததுபோல இருந்தாலோ, பொருத்தின் மேல் வரம்புபோல மேடு தட்டுப்பட்டாலோ, பிறந்தபோதே வடிவம் கோணலாக இருந்து கூடிக்கொண்டே போனாலோ, உச்சிக்குழி புடைத்திருந்தாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், இன்றைக்கே மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். 14-வது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது இன்னொன்று எடுத்து, இரண்டையும் மருத்துவரிடம் காட்டி, தலைச் சுற்றளவையும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.