சிங்கப்பூரில் நாயை நடத்திச் செல்ல, ஏற்ற இறக்கம் இல்லாத பாதை எது?

இதைக் கேட்டவர் இன்னும் மூன்று நிபந்தனைகளும் சொல்லியிருக்கிறார்: வயதான நாய், காட்டுப் பாதை வேண்டாம், வீடுகளுக்கு நடுவே பச்சையாக இருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது, பழைய ரயில் பாதையை நடைபாதையாக மாற்றிய ரயில் காரிடாரின் நடுப்பகுதி, அதாவது ஹில்வியூவிலிருந்து பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் வரையுள்ள 4 கிலோமீட்டர்.

சமதளமாக இருப்பதற்குக் காரணம் எளிது. 2011 ஜூன் 30 வரை இதில் மலாயா ரயில் ஓடியது. இழுவை வண்டி திணறும் சரிவை யாரும் ரயில் பாதையில் வைக்க மாட்டார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டு மண்ணும் சரளையும் பரப்பியிருக்கிறார்கள். மூட்டுவலி உள்ள நாய்க்குச் சிமெண்ட் நடைபாதையைவிட இது இதம். சாலையிலிருந்து பாதைக்கு ஏறும் இடங்களில்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

நடப்பது சுலபம், வீடு திரும்புவதுதான் சிக்கல். பலர் இதை யோசிக்காமலே கிளம்பிவிடுகிறார்கள். எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்களுக்கு இடமில்லை. 4 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பினால் 8 ஆகிவிடும். வெயில் ஏறிய பிறகு நடக்கும் அந்தக் கடைசி 2 கிலோமீட்டரில்தான் நாய் படுத்துக்கொள்ளும். இருவராகப் போனால் இப்படிச் செய்யலாம்: காரை ரயில் மால் கடைத்தொகுதியில் நிறுத்திவிட்டுத் தெற்கே சுமார் 3 கிலோமீட்டர் நடந்து பழைய நிலையத்தை அடையுங்கள். ஒருவர் நாயோடு அங்கேயே உட்காரட்டும். மற்றவர் கிங் ஆல்பர்ட் பார்க்கில் டவுன்டவுன் பாதை ரயிலேறினால், பியூட்டி வேர்ல்டை அடுத்து வருவது ஹியூம். அங்கிருந்து ரயில் மால் கூப்பிடு தூரம், காரை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிடலாம். 2025 பிப்ரவரியில் ஹியூம் நிலையம் திறந்த பிறகுதான் இந்த வழி கைகொடுக்கிறது. தனியாகப் போகிறவர்கள் வாடகைக் கார் செயலியில் செல்லப்பிராணிக்கென உள்ள தெரிவைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். சாதாரண வண்டியை வரவழைத்துவிட்டு ஓட்டுநரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். இல்லையென்றால் ஒன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்பிவிடுங்கள். வயதான நாய்க்கு அதுவே நல்ல நடை.

கிளம்பும் நேரம் காலை 7 மணி. சிங்கப்பூரில் அப்போதுதான் விடிகிறது. பாதையின் பெரும்பகுதியில் விளக்கு இல்லாததால் அதற்கு முன்னால் போய்ப் பயனில்லை. 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். காட்டை ஒட்டிய பகுதியில் நிழல் இருக்கிறது, இரண்டு இரும்புப் பாலங்களின் பக்கம் வானம் திறந்து கிடக்கும். பக், ஷீட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு 8 மணியே எல்லை. இங்குள்ள ஈரப்பதத்தில் மூச்சிரைத்து உடலைக் குளிர்விப்பது எந்த நாய்க்கும் கடினம், குட்டை மூக்குக்கு இன்னும் கடினம். எச்சில் கெட்டியாகி, ஈறு கடும் சிவப்பாகி, நடை தள்ளாடினால் அங்கேயே நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். 10 கிலோ நாய்க்கு அரை லிட்டர் தண்ணீர் குடிக்க, இன்னொரு அரை லிட்டர் ஊற்ற. வழியில் குழாய் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பாதையில் நாய்க்கு அனுமதி உண்டு, ஆனால் கயிற்றை அவிழ்க்க அனுமதி இல்லை. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறே சரி. இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு இந்தப் பாதைக்கு ஆகாது. பின்னாலிருந்து சைக்கிள் வரும்போது நாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நடுவே கண்ணுக்குத் தெரியாத நூல் என்றாகிவிடும். பிட் புல், அகிடா போன்ற கட்டுப்படுத்தப்பட்ட இனங்களுக்கு வாய்க்கூடும் கட்டாயம். இன்னொன்று: ஒரு பக்கம் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி ஒட்டியே வருகிறது. அங்கே நாய்க்கு அனுமதியே கிடையாது. பக்கவாட்டில் பிரியும் காட்டுப் பாதை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் திரும்பாமல் நேராகப் போங்கள்.

அந்தக் காட்டின் நீளவால் குரங்குகள் பாதைக்கும் வரும். அவற்றுக்கு நாயைவிட உங்கள் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பைமீதுதான் கண். பை என்றாலே தீனி என்று பழகியவை. நாய்த் தீனி, கழிவுப் பை எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். குரங்கு தெரிந்ததும் கயிற்றைச் சுருட்டி நாயை எதிர்ப்பக்கம் மாற்றி, நிற்காமல் கடந்துவிடுங்கள். நின்று படம் எடுத்தால் நாய் குரைக்கும், குரங்கு பல்லைக் காட்டும், வம்பு தொடங்கிவிடும். குட்டியோடு தாய் இருந்தால் வந்த வழியே திரும்புவது மேல்.

மழை பெய்த மறுநாள் இங்கே வேண்டாம். சேறு ஒரு தொல்லை, தேங்கிய நீரை நாய் நக்குவது அதைவிடப் பெரிய தொல்லை. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. தடுப்பூசி காலாவதி ஆகவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் தேரைகளும் வெளிவரும். தேரையைக் கவ்விய நாய்க்கு நுரை நுரையாக எச்சில் ஒழுகும். தலையைக் கீழே சாய்த்து, வாயின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நேராக ஊற்றினால் நஞ்சு தொண்டைக்குள் போகும். இடிமழை இருட்டிக்கொண்டு வந்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். ஓரத்தில் நெடிதுயர்ந்து நிற்கும் அல்பீசியா மரங்களின் கிளைகள் காற்றில் சுலபமாக முறிபவை.

குரங்கே வேண்டாம் என்றால் பழைய நிலையத்திலிருந்து தெற்கே ஹாலந்து, காமன்வெல்த் பக்கம் நடக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளை ஒட்டிப் போகும் பாதை, நிழல் குறைவு. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், இதே ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் தண்டவாளத்தோரம் எழுப்பிய சிறு கோயிலாகத் தொடங்கியது.

வீட்டுக்குள் விடுவதற்கு முன் உண்ணி பாருங்கள்: காது மடலின் உள்பக்கம், கால் விரல் இடுக்கு, அக்குள், வாலடி. புல்லோரத்தில் மோப்பம் பிடித்த நாயிடம் ஒன்றாவது இருக்கும். நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெல்ல இழுத்து எடுங்கள். அடுத்த இரண்டு வாரங்களில் காய்ச்சலோ, ஈறு வெளுப்போ, தேநீர் நிறத்தில் சிறுநீரோ தெரிந்தால், உண்ணி கடித்ததையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.