மழைக்குப் பின் கண்காணிப்புக் குழாயில் டீசல் படலம் காணோம்: அளப்பதை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். டீசல் எங்கும் போகவில்லை.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிடங்கில், கசிவைக் கண்காணிக்க நிலத்தடி நீர்வரை இறக்கிய குழாயில் மே மாதம் 6 செ.மீ. டீசல் மிதந்தது, ஆகஸ்டில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். தென்மேற்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது டீசல் மண்ணிடுக்குகளில் சொட்டுச் சொட்டாகச் சிக்கி, தண்ணீருக்குள் அமுங்கிவிடும். கோடையில் மட்டம் இறங்கினால் மறுபடி குழாய்க்குள் வடிந்து தலைகாட்டும்.

முதலில், இந்தக் குழாய்க்காகப் போர் போட்டபோது எழுதிய பதிவை எடுத்துப் பாருங்கள். குழாயில் துளைகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றன? இப்போதைய நீர்மட்டம் அதற்கு மேலே இருந்தால், வெளியே டீசல் மிதந்தாலும் உள்ளே தெரியாது. அந்த அளவீடே செல்லாது. துளைப்பகுதி மேலே வரை உள்ள புதுக் குழாய்தான் வழி.

அடுத்து, தண்ணீரில் கரைந்திருப்பதைச் சோதியுங்கள். டீசலில் பென்சீன் (எளிதில் ஆவியாகும் நச்சுப் பொருள்) குறைவு. அதை மட்டும் பார்த்து ‘சுத்தம்’ என்று முடிவுகட்ட வேண்டாம். நாப்தலீனும் (டீசலில் உள்ள இன்னொரு பொருள்) மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும் (எண்ணெய்ப் பொருள்களின் கூட்டளவு) சேர்த்து ஆய்வகத்தில் கேளுங்கள். பென்சீனுக்கு 40 மி.லி. கண்ணாடிக் குப்பியை விளிம்பு வரை நிரப்பி மூடி, கவிழ்த்துத் தட்டுங்கள். குமிழ் ஏறினால் அந்த மாதிரி வேண்டாம், வேறு குப்பியில் எடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் கூடவே கூடாது. ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

ஒன்று கவனம்: குழாயில் 6 செ.மீ. என்றால் மண்ணிலும் 6 செ.மீ. என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் மண்ணில் குறைவாகவே இருக்கும். அதை வைத்துக் கசிந்த லிட்டர் கணக்குப் போடாதீர்கள்.

நீரோட்டத் திசையில் குடிநீர்க் கிணறு இருந்தால் கோடைவரை காத்திருக்காமல் இந்த வாரமே அதிலும் மாதிரி எடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இல் கனிம எண்ணெய் (டீசல் போன்ற பெட்ரோலிய எண்ணெய்) வரம்பு லிட்டருக்கு 0.5 மி.கி.