ஒரு மாட்டுத் தோலும் ஒரு நகரமும்

கேள்வி: ஓர் அரசி ஒரே ஒரு மாட்டுத் தோலை வைத்து கார்த்தேஜ் நகரத்துக்கு இடம் பிடித்தாளாமே, அது எப்படி முடியும்?

பதில்: முடியும், கணக்கே போட்டுப் பார்க்கலாம். எலிசா என்பது அவள் பெயர், டைடோ என்றால் பலருக்குத் தெரியும். இன்றைய லெபனானில் இருக்கும் டயர் நகரத்து இளவரசி. சொத்துக்கு ஆசைப்பட்டு அவள் கணவரைக் கொன்றது கூடப்பிறந்த பிக்மேலியனேதான். இனி அங்கே இருக்க முடியாது என்று நம்பிக்கையான ஆட்களோடு கப்பலேறி, வழியில் சைப்ரஸில் தங்கி, கடைசியில் இப்போதைய துனீசியாவின் கரையில் இறங்கினாள். ஒரு மாட்டுத் தோல் எவ்வளவு இடத்தை மூடுமோ அவ்வளவு நிலம் போதும் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டாள், இவ்வளவுதானே என்று அவர்களும் சரி சொல்லிவிட்டார்கள். அப்புறம் அந்தத் தோலை மெல்லிய வாராக நறுக்கி ஒரு குன்றையே வளைத்துப் போட்டாள்! 4 சதுர மீட்டர் தோலை 2 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கினால் 2 கிலோமீட்டர் நீளம் வரும். வட்டமாகச் சுற்றினால் உள்ளே சுமார் 79 ஏக்கர். நேரான கடற்கரையை ஒரு பக்கமாக விட்டு அரைவட்டம் போட்டால் அது போல இரண்டு மடங்கு. இருக்கிற நீளத்துக்குள் அதிக இடத்தை எப்படி அடைப்பது என்ற இந்தக் கணக்கை இன்றும் டைடோவின் கணக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

நிஜமாக நடந்ததா என்றால், தோல் கதையை நான் நம்பவில்லை. குன்றின் பெயர் பிர்சா. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தோல் என்று பொருள், அதனால் கிரேக்கர்கள் பெயருக்கு ஏற்ற கதையைக் கட்டியிருப்பார்கள். ஆனால் டயரிலிருந்து வந்தவர்கள் அமைத்த ஊர் என்பது உண்மை. டயர்க்காரர்கள் பேசிய பினீசிய மொழியில் கார்த்தேஜ் என்றால் புது நகரம். மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 814.

கேள்வி: டிராய் நகரத்து வீரன் ஏனியாஸ் காதலித்து விட்டுவிட்டுப் போன துக்கத்தில்தானே அவள் இறந்தாள்?

பதில்: அது ரோமானியக் கவிஞர் வர்ஜில் சொன்ன கதை, எனக்கு அதில் வருத்தமே உண்டு. போரில் கிரேக்கர்களிடம் டிராய் விழுந்தது கி.மு. 1184 என்பது பழைய கணக்கு. அங்கிருந்து தப்பிய ஏனியாஸ் 370 வருடம் கழித்து அவளை எப்படிச் சந்திப்பான்? வர்ஜிலுக்கு முந்தைய கதையில் ஏனியாஸே இல்லை. அக்கம்பக்கத்து அரசன் தன்னை மணக்கச் சொல்லி நெருக்குகிறான், மறுத்தால் போர் என்கிறான், சொந்த மக்களும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். கணவருக்குக் கொடுத்த வாக்கை மீற மனமில்லாமல், சடங்கு என்று சொல்லித் தீ மூட்டி அதிலேயே உயிரை விட்டாள். கார்த்தேஜ் தோற்காமல் இருந்தவரை அந்த ஊர்க்காரர்கள் அவளைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள் என்று ஜஸ்டின் என்ற ரோமானியரே எழுதி வைத்திருக்கிறார்.