பத்து கிலோமீட்டருக்கு அப்பால்

கேள்வி: அனல் மின் நிலையங்களின் புகைக்கு வரம்பை இன்னும் இறுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறார்களே? புகையில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைக்கச் சொன்னால் கரண்ட் பில் ஏறாதா?
- ஒரு வாசகர், தடா

பதில்: கந்தகம் குறைவுதான், மறுக்கவில்லை. நூறு டன் நிலக்கரியில் சுமார் அரை டன். ஆனால் எரியும்போது அது ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு டன் கந்தக டை ஆக்சைடு ஆகிவிடும். 1,000 மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15,000 டன் நிலக்கரி வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், தினம் 150 டன் கந்தகப் புகை. உங்களுக்கு வடக்கே கிருஷ்ணப்பட்டினம், தெற்கே வல்லூர், அத்திப்பட்டு அனல் மின் நிலையங்கள். எந்தப் பக்கமும் 1,000 மெகாவாட்டோடு நிற்கவில்லை. மார்கழி வாடையில் புகை வடக்கிலிருந்து வரும், சித்திரைத் தென்றலில் தெற்கிலிருந்து வரும்.

ஆரம்பாக்கத்தில் என் அக்கா மொட்டை மாடியில் வற்றல் காயவைத்தால் மேலே வெள்ளை வேட்டி விரித்துவிடுவார். சாயங்காலம் உதறினால் சாம்பல் நிறத்தில் தூசி பறக்கும். அந்தத் தூசியை வேட்டி தடுத்துவிடும். கந்தகப் புகை அப்படியில்லை. போகிற வழியில் காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறிவிடுகிறது. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும்.

2015 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு வரம்பு விதித்து, இரண்டே ஆண்டு கெடு கொடுத்தது. அப்புறம் கெடுவைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் சுமார் 78 சதவீத அனல் மின் நிலையங்களுக்குக் கந்தக வரம்பே வேண்டாம் என்றுவிட்டார்கள். டெல்லி தலைநகர்ப் பகுதி அல்லது பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் கருவி கட்டாயம். மாசு மிகுந்த இடங்களை ஒட்டியிருந்தால் தனித்தனியாக முடிவு செய்வார்கள். மற்றவற்றுக்குப் புகைபோக்கி விதிப்படி உயரமாக இருந்தால் போதும்.

புகைபோக்கியை 275 மீட்டருக்கு எழுப்புவதே புகை பக்கத்தில் இறங்காமல் தூரமாகப் போகட்டும் என்றுதான். தூரத்தில் இருப்பது யார்? தடா, சூலூர்பேட்டை, பழவேற்காடு. நகரத்தாரின் மூச்சுக்குக் கொடுத்த மதிப்பு நம் மூச்சுக்குக் கிடையாதா?

சரி, கரண்ட் பில்லுக்கு வருவோம். கருவி வைத்தால் யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு கூடும் என்று தொழில்துறையினரே சொல்கிறார்கள். மாதம் 200 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு மிஞ்சிப்போனால் 60 ரூபாய். இளைப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ஆட்டோ பிடித்துப் போய் நெபுலைசர் வைத்துவிட்டு வாருங்கள். 60 ரூபாய் ஆட்டோவுக்கே காணாது.

வழி தெரியாத பிரச்சினையும் இல்லை இது. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் பீச்சினால் 90 சதவீதத்துக்கு மேல் கந்தகத்தைப் பிடித்துவிடலாம். மிஞ்சுகிற ஜிப்சத்தை சிமெண்ட் ஆலைக்கு விற்கலாம்.

10 கிலோமீட்டர் வட்டத்தை அழித்துவிட்டு, 2015இல் போட்ட வரம்பை எல்லா நிலையங்களுக்கும் திரும்பக் கொண்டுவர வேண்டும். போன இதழில் கேட்டது இதைத்தான். இந்த இதழிலும் கேட்கிறேன்.